பிள்ளைக்குத் தோஷமா? தாய்க்குத் தொற்றா?

நம் நாட்டில் ஒரு குழந்தை பிறந்து அதற்குத் தலை நிற்பதற்கு முன்னமே அதன் தலையில் சுமத்தப்படும் தோஷங்களுக்குக் கணக்கு வழக்கே கிடையாது. பால் குடிக்காவிட்டால் கண் திருஷ்டி. உடம்பு தேறாவிட்டால் பட்சி தோஷம். ஓயாமல் அழுதால் காத்துக் கருப்பு. சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தால் ஜாதகக் கோளாறு. இதிலெல்லாம் அகப்படாத வியாதியாயிருந்தால், இருக்கவே இருக்கிறது பெற்றவளின் ராசி! இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கயிறும், ஒரு தகடும், ஒரு சேவலும், ஒரு தட்சணையும் நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால், "இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது தாய்க்கு என்ன காய்ச்சல் வந்தது? அது என்ன காய்ச்சல் என்று இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்கிறவர் யாராவது உண்டா என்றுதான் நாம் கேட்கின்றோம்.

புதுக்கோட்டைச் சீமையில் அறந்தாங்கி முதல் இலுப்பூர் வரை, கந்தர்வகோட்டை முதல் திருமயம் வரை எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இன்று ஆரம்ப சுகாதார நிலையம் எட்டாத தூரத்தில் இல்லை. 2019-21 வருஷத்திய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கின்றன. ஆகவே, நம் ஜனங்கள் வைத்தியத்தை நம்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரசவ வலி எடுத்தால் பூசாரியைத் தேடுவோர் இல்லை, ஆம்புலன்சைத்தான் தேடுகின்றார்கள். பின் குறை எங்கே இருக்கின்றதென்றால், பிரசவத்திற்கு முன்னுள்ள ஒன்பது மாதமும், பின்னுள்ள சில மாதமும் இன்னும் பாதி ஜோசியனிடத்திலும், பாதி பாட்டிமார் சாஸ்திரத்திலும் அடகு வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடகை மீட்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

பிறந்த குழந்தையின் நோய் எதிர்க்கும் சக்தி எங்கேயிருந்து வருகின்றது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கிருமியோடு பழக்கமே இல்லாத இடத்தில் இருந்து குழந்தை வெளியே வருகின்றது. எந்தக் கிருமி எப்படிப்பட்டது என்று அதன் உடம்பு இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளும் வரையில் அதைக் காப்பது தாய் கொடுத்தனுப்பும் சீதனமேயாகும். தாய்க்கு முன்பு வந்து போன நோய்களையும், அவள் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளையும் கொண்டு அவள் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகியிருக்கின்றன. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இவை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் இரத்தத்திற்குள் மிகுதியாகப் போய்ச் சேர்கின்றன. மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தைக்குத் தாயிடம் இருக்கும் அளவோ, அதற்கு மேலுங்கூடவோ இருக்கும். குறைமாதத்தில் பிறந்தால் சீதனமும் குறைந்துவிடும். இந்தச் சீதனம் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். அதற்குள் தாய்ப்பாலும், குழந்தைக்குப் போடும் தடுப்பூசியும், அதன் சொந்தச் சக்தியும் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். இதில் எந்த இடத்தில் சனி நுழைகின்றான், எந்த இடத்தில் ராகு நுழைகின்றான் என்பதை ஜோசியர்கள்தான் காட்ட வேண்டும்.

நிற்க, தாய்க்குக் கர்ப்பத்தில் தொற்று வந்தால் இந்த ஏற்பாடு பல விதத்தில் கெடக்கூடும். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அம்மையிலிருந்தே ஆரம்பிப்போம்.

அம்மை வந்தால் "ஆத்தா வந்திருக்கிறாள்" என்று சொல்லி, மருந்து கொடுப்பது மகா பாவம் என்று வேப்பிலையைக் கட்டி உட்கார்ந்துவிடுவதும், இறங்கியபின் நார்த்தாமலை முத்துமாரிக்கு நேர்த்திக்கடன் செலுத்துவதும் நம்மவர்களின் வழக்கம். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தாலும் இதே கதைதான். ஆனால் வைத்திய சாஸ்திரம் என்ன சொல்லுகின்றது? பிரசவத்திற்கு 5 நாள் முன்னிருந்து 2 நாள் பின் வரையுள்ள காலத்திற்குள் தாய்க்குச் சின்னம்மை போட்டால், கிருமி பிள்ளைக்குப் போய்விடும். ஆனால் அந்தக் கிருமிக்கு எதிரான பொருளைத் தாயின் உடம்பு தயார் செய்து அனுப்புவதற்கு நாள் போதாது. சத்துரு வந்துவிட்டான், ஆயுதம் வரவில்லை. அந்தக் குழந்தைக்கு நோய் மிகக் கடுமையாக, உயிரையே வாங்கும்படியாக வரக்கூடும். அதனால்தான் வைத்தியர்கள் அப்படிப்பட்ட குழந்தைக்குத் தயாராயிருக்கும் எதிர்ப்பொருளை ஊசி மூலம் உடனே கொடுக்கின்றார்கள். தாய்க்கும் மருந்து இருக்கின்றது. "ஆத்தா கோபித்துக்கொள்வாள்" என்று நாலு நாள் மறைத்து வைத்தால், அந்த நாலு நாள்தான் பிள்ளையின் ஆயுளாகிவிடும். பெற்ற பிள்ளைக்கு மருந்து கொடுத்ததற்காகக் கோபித்துக்கொள்ளும் ஒரு தாய் உலகத்தில் உண்டா? அப்படியிருக்க, உலகத்துக்கே தாய் என்று சொல்லப்படுகிறவளுக்கு அவ்வளவு கெட்ட புத்தியை ஏன் கட்டுகிறீர்கள்?

ருபெல்லா என்னும் அம்மை இன்னொரு தினுசு. தாய்க்கு லேசான காய்ச்சலும் கொஞ்சம் தடிப்பும் கண்டு இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒன்றும் இல்லையென்று எல்லோரும் மறந்துவிடுவார்கள். 1941-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்னும் கண் வைத்தியர், பிறக்கும்போதே கண்ணில் புரை விழுந்த குழந்தைகள் பலர் தம்மிடம் வருவதைக் கண்டார். அவர் ஜாதகத்தைக் கேட்கவில்லை, தாய்மார்களை விசாரித்தார். அவர்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ருபெல்லா வந்து போயிருந்தது வெளியாயிற்று. இன்று தெரிந்திருப்பது யாதெனில், ஆரம்ப வாரங்களில் அது தாய்க்கு வந்தால் பத்தில் ஒன்பது பங்கு பிள்ளைக்கும் போய்ச் சேரும். கண்ணும் காதும் இருதயமும் பழுதாகும். அதுமட்டுமல்ல. உடம்பின் காவல் உருவாகிக்கொண்டிருக்கும் சமயத்தில் உள்ளே நுழைந்த கிருமியைக் குழந்தையால் விரட்ட முடியாமல், ஒரு வருஷத்திற்கு மேலுங்கூட அது உடம்பிலேயே குடியிருக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்ந்தபின் நீரிழிவும் தைராய்டுக் கோளாறும் மற்றவர்களைவிட அதிகமாக அடைகின்றார்கள். "பூர்வ ஜன்ம பாவத்தால் பிள்ளை குருடாய்ப் பிறந்தது" என்று எத்தனை தாய்மார்களை இந்த நாடு அழ வைத்தது! பூர்வ ஜன்மமுமில்லை, பாவமுமில்லை. ஒரு ஊசியில் தடுக்கக்கூடிய கிருமி அது. 1969-லேயே அந்த ஊசி உபயோகத்துக்கு வந்துவிட்டது.

அந்த ஊசி நம் வீட்டு வாசலுக்கு வந்தபோது நாம் செய்ததென்ன? 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாகாணங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட ஆரம்பித்தார்கள். உடனே கைப்பேசிகளில் வதந்தி பறந்தது. ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்றார்கள். பெற்றோர்கள் பலர் பயந்துபோய்ப் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். போடும் காலத்தையே நீட்டிக்க வேண்டி வந்தது. ஓலைச் சுவடியில் எழுதியதை நம்பின மூளைக்குக் கைப்பேசியில் வந்ததை நம்புவது கஷ்டமா? கருவி புதிது, மூடத்தனம் பழையது. பெரிய அம்மை 1980-ல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. கூழ் ஊற்றி ஒழிந்ததா? தீச்சட்டி ஏந்தி ஒழிந்ததா? வீடு வீடாக ஊசி போட்டு ஒழிந்தது என்பதை யாரும் மறுக்க முடியாதே!

இது ஒரு புறமிருக்க, ஆண்பிள்ளைச் சிங்கங்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கின்றது. சிபிலிஸ் என்னும் மேக வியாதி கர்ப்பிணியின் இரத்தத்தில் இருந்தால் அது பிள்ளையைக் கருவிலேயே கொல்லும். அல்லது நோயோடு பிறக்கச் செய்யும். எச்.ஐ.வி. கிருமி தாய்க்கு இருந்து வைத்தியம் செய்யாவிட்டால், நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை அதை அடைகின்றன. சரியாக வைத்தியம் செய்தால் 5-க்கும் கீழே குறைந்துவிடும். இதிலே இன்னொரு விசேஷமும் உண்டு. அத்தாய்க்குப் பிறந்து கிருமி தொற்றாமல் தப்பித்த குழந்தைக்குங்கூடத் தாயிடமிருந்து வரவேண்டிய எதிர்ப்பொருள் குறைவாக வருவதையும், அக்குழந்தை மற்றக் குழந்தைகளைவிட அதிகம் நோயுறுவதையும் வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அதாவது, கிருமி வாசலைத் தாண்டாவிட்டாலும் வீட்டிலுள்ள தானியம் குறைந்து போகின்றது. இந்தியாவில் முதன்முதல் இந்தக் கிருமி 1986-ல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமன், நிர்மலா செல்லப்பன் ஆகியோரின் பரிசோதனையால் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் பெண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டை விட்டு வெளியே போகாத எத்தனையோ மனைவிகளுக்கு இவ்வியாதிகள் எங்கேயிருந்து வந்தன? புருஷன் கொண்டுவந்து கொடுத்ததேயாகும். கொண்டுவந்தவன் திண்ணையில் உட்கார்ந்து "இவள் ராசி சரியில்லை, இரண்டு பிள்ளையை முழுங்கிவிட்டாள், வேறு கலியாணம் செய்துகொள்ளட்டுமா?" என்று ஜோசியனிடம் கேட்கின்றான், ஜோசியனும் பெண்ணின் ஜாதகத்தைத்தான் புரட்டுகின்றான். இதற்குப் பேர் கற்பு! இதற்குப் பேர் குடும்ப தர்மம்! சிபிலிசுக்குப் பென்சிலின் ஊசி இருக்கின்றது. கர்ப்பிணிக்கு முதல் வருகையிலேயே சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சோதிக்கின்றார்கள். மனைவியின் இரத்தத்தைச் சோதிக்கும்போது புருஷனும் கையை நீட்ட வேண்டும். பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் இந்தப் பதினோராவது பொருத்தத்தைப் பார்க்க மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

மலேரியாவின் காரியம் இதைவிட நூதனமானது. கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் அந்தக் கிருமி நஞ்சுக்கொடியிலேயே போய்த் தங்கிவிடும். அதனால் பிள்ளை எடை குறைந்து பிறப்பதோடு, தாயின் எதிர்ப்பொருள்கள் சரியாகப் போய்ச் சேராமலும் போகக்கூடும். நம்மவர்களோ கிரகணத்தன்று கர்ப்பிணியை இருட்டறையில் போட்டுப் பூட்டி, கத்தி தொடாதே, வெளியே எட்டிப் பார்க்காதே என்று காவல் காக்கின்றார்கள். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள சூரியனுடைய நிழலுக்குப் பயந்து பூட்டின அறைக்குள்ளே ஆயிரம் கொசு இருக்கின்றதே, அதைப் பற்றிய சாஸ்திரம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கின்றது?

சமீபத்தில் கண்டுபிடித்த சங்கதி ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆராய்ச்சிக் கழகத்தில் யாஸ்மின் பெல்கெய்ட் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் சினை எலிகளுக்குச் சீக்கிரம் போய்விடும்படியான ஒரு குடல் தொற்றை உண்டாக்கிப் பார்த்தார்கள். கிருமி குட்டிகளிடம் போகவில்லை. ஆனால் தொற்றின்போது தாயின் உடம்பில் உண்டான இன்டர்லூக்கின்-6 என்னும் செய்திப் பொருள் குட்டிகளின் குடலை மாற்றிவிட்டது. பிறந்த குட்டிகளின் குடலில் ஒரு வகைக் காவல் அணுக்கள் அதிகமாயிருந்தன. அதனால் அவை வளர்ந்த பின் குடல் கிருமிகளை நன்றாக எதிர்த்தன. ஆனால் குடல் அழற்சி நோய் அவற்றுக்குச் சுலபமாக உண்டாயிற்று. லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. இது எலியிடம் கண்டது. மனிதரிடம் இப்படியே நடக்கின்றது என்று இன்னும் ருசுவாகவில்லை. எலியிடம் கண்டதை மனிதரிடம் கண்டதாகச் சொன்னால் அதுவும் ஒரு ஜோசியமேயாகும். அந்த வேலை நமக்கு வேண்டாம். ஆனால் ஒன்று நிச்சயம்: விஞ்ஞானி தனக்குத் தெரிந்தது இவ்வளவு என்று எல்லை கட்டிச் சொல்கின்றான், ஜோசியனுக்கோ தெரியாதது என்று ஒன்றுமே கிடையாது.

சரி, தாய்க்குத் தொற்று வந்து குறைந்த சீதனத்தைப் பிறந்த பின்னாவது ஈடு செய்கிறோமா? அதுவுமில்லை. பிரசவமானவுடன் சுரக்கும் மஞ்சளான சீம்பாலில் குழந்தையின் குடலைக் காக்கும் எதிர்ப்பொருள்கள் நிறைந்திருக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் அதைக் கொடுக்க வேண்டுமென்று உலகமெல்லாம் வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள். நம் வீடுகளிலோ அதைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, ஊரில் பெரிய மனிதர் ஒருவரைக் கூப்பிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைக்கின்றார்கள். அவருடைய நல்ல குணம் பிள்ளைக்கு வருமாம்! குணம் வருமோ வராதோ, விரலிலுள்ள அழுக்கு நிச்சயமாக வரும். இது போதாதென்று தெருவில் கூவி வரும் கழுதைப் பாலைக் காசு கொடுத்து வாங்கிச் சங்கில் புகட்டுகின்றார்கள். கழுதைப் பால் கழுதைக் குட்டிக்கு நல்லது என்பதில் நமக்கு ஆட்சேபணையே இல்லை. சொந்தத் தாயின் பாலைத் தரையில் கொட்டிவிட்டுக் காய்ச்சாத மிருகப் பாலைப் புகட்டுவதற்கு மனித புத்தி வேண்டுமா என்பதே நமது கேள்வி.

இனி, தீட்டு என்பதைப் பார்ப்போம். பிள்ளை பெற்றவளைத் தொட்டால் தீட்டு, அவள் இருக்கும் அறை தீட்டு என்று ஒதுக்கி வைக்கும் இந்த நாட்டில், உண்மையான அசுத்தம் எது என்ற அறிவு எவ்வளவு இருக்கின்றது? 2022 டிசம்பரில் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தைகள் நோயுற்ற பிறகுதான் தண்ணீரின் மேல் சந்தேகமே வந்தது. யார் செய்தது என்பது நீதிமன்றத்தின் காரியம். அதற்குள் நாம் போகவில்லை. நாம் கேட்பது, அந்தத் தண்ணீரைக் குடிக்க நேரும் ஒரு கர்ப்பிணியின் கதி என்ன என்பதுதான். மலம் கலந்த தண்ணீரால் பரவும் ஈ-வகை மஞ்சள் காமாலை மற்றவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் கடைசி மூன்று மாதத்துக் கர்ப்பிணிகளுக்கு வந்தால் நூற்றுக்கு 20, 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. வேங்கைவயலுக்கு அதிகாரிகள் போன பிறகுதான், அங்கே இரட்டைக் குவளையும் கோவில் நுழைவுத் தடையும் இருந்தது ஊரறிய வெளிவந்தது. மனிதன் தொட்டால் தீட்டு என்று காவல் வைக்கிற ஊரில் குடிதண்ணீருக்குக் காவல் இல்லை! ஜாதியும் ஒரு தொற்று நோய்தான். அது தாய்ப்பாலோடு சேர்த்தே ஊட்டப்படுகின்றது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "எங்கள் பாட்டி ஊசியும் போடவில்லை, சோதனையும் செய்யவில்லை, பத்துப் பெற்றாளே!" என்று சிலர் சொல்லக்கூடும். பெற்றது பத்து என்பது சரி. மண்ணில் வைத்தது எத்தனை என்று அந்தப் பாட்டியைக் கேட்டால் தெரியும். நூறு வருஷத்திற்கு முன் இந்தியாவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பிறந்த நாளைக் காணவில்லை. 2020-ம் வருஷத்திய அரசாங்கக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு 13; இந்தியா முழுமைக்கும் 28. கிரகங்கள் அன்றும் அதே ஒன்பதுதான். இன்றும் அதே ஒன்பதுதான். மாறினது எது? தொப்புள்கொடியில் சாணியும் சாம்பலும் அப்பின காலத்தில் பிறந்த சில நாளில் விறைத்துச் செத்த குழந்தைகளைப் "பேய் அடித்தது" என்றார்கள். கர்ப்பிணிக்கு ரண ஜன்னி ஊசி போட்டார்கள். தாயின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருள் பிள்ளைக்குப் போயிற்று. சுத்தமான கத்தியால் கொடியை அறுத்தார்கள். 2015-ல் அந்த நோய் இந்தியாவில் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழிக்கப்பட்டதென்று அறிவிக்கப்பட்டது. பேய் எங்கே ஓடிற்று? எந்த வழியாக வியாதி பிள்ளைக்குப் போகின்றதோ, அதே வழியாகப் பாதுகாப்பையும் அனுப்பலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஒரு எச்சரிக்கையும் செய்ய வேண்டியிருக்கின்றது. "அப்படியானால் பிள்ளையின் நோய்க்கெல்லாம் தாய்தான் காரணம்" என்று இதைப் படித்துவிட்டு யாராவது கிளம்பினால், அவர்கள் ஜோசியனுக்குப் பதிலாக விஞ்ஞானத்தைக் கொண்டு அதே பெண்ணை உதைக்கிறவர்களாவார்கள். கர்ப்பத்தில் வருகிற எல்லாக் காய்ச்சலும் பிள்ளையைக் கெடுப்பதில்லை. பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் போய்விடும். கொசுவை வளர்த்தது சாக்கடை. கிருமியைத் தந்தது தண்ணீர்த் தொட்டி. மேக வியாதியைத் தந்தவன் புருஷன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுத்தது மாமியாரும் மந்திரவாதியும். இவ்வளவு பேர் செய்த குற்றத்துக்கு அவள் ஒருத்தி எப்படிப் பொறுப்பாவாள்?

இந்தப் புதுக்கோட்டை மண்ணில்தான் 1886-ல் முத்துலெட்சுமி பிறந்தார். மன்னர் கல்லூரியில் ஆண்பிள்ளைகளோடு ஒரு பெண் உட்காருவதா என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அனுமதித்தார். அந்தப் பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். அன்று கூச்சல் போட்டவர்களின் பேர் இன்று ஒருவருக்கும் தெரியாது. இன்று தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிக்குப் பணமாகவும் ஊட்டச்சத்துப் பொருளாகவும் 18,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்திற்கு அவர் பேர்தான் இருக்கின்றது. அந்த ரூபாயை வாங்கிக்கொண்டுபோய்த் தோஷ நிவர்த்திக்குக் கொடுப்பது அந்த அம்மையார் பேருக்கே செய்யும் அவமானமல்லவா?

ஆகவே தோழர்களே, தாய்மார்களே! மாதம் தள்ளினவுடன் கிராம நர்சம்மாவிடம் பேரைப் பதிவு செய்யுங்கள். இரத்தச் சோதனைக்குப் புருஷனையும் இழுத்துக்கொண்டு போங்கள். ருபெல்லா ஊசியைக் கர்ப்பத்தில் போடக்கூடாது. ஆகையால் பெண் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே போட்டுவிடுங்கள். கர்ப்பத்தில் போட வேண்டிய ரண ஜன்னி ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், கொசுவலைக்குள் படுங்கள். காய்ச்சலோ தடிப்போ கண்டால், கோடாங்கியிடம் போகிற வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள். பிறந்தவுடன் சீம்பாலைக் கொடுங்கள்; 24 மணி நேரத்திற்குள் போட வேண்டிய மஞ்சள் காமாலை ஊசியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். இதற்கு நல்ல நாள் வேண்டாம், ராகு காலம் பார்க்க வேண்டாம், தட்சணையும் வேண்டாம்.

இதைச் செய்த பின்னும் ஒரு குழந்தை நோயுற்றால், என்ன நோய் என்று வைத்தியரைக் கேளுங்கள். எந்தக் கிரகம் என்று கேட்காதீர்கள். பிள்ளையின் மணிக்கட்டில் கட்டுவதற்குக் கயிறு தேடும் நேரத்தில், அதன் தடுப்பூசி அட்டையில் எந்தக் கட்டம் காலியாயிருக்கின்றது என்று பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.